குவாண்டம் வரை போக எவ்வளவு கணக்கு வேண்டும்?

கேள்வி: எனக்கு 29 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்தேன். தேசிய சேவைக்குப் பிறகு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சிப் செய்வதற்கான ஒரு சிலிக்கான் வேஃபர் ஆலையில் 12 மணி நேர ஷிஃப்டில் வேலை. குவாண்டம் இயற்பியலையும் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலையும் கதையாகக் கேட்டு அலுத்துவிட்டது. கணக்கோடு புரிந்துகொள்ள ஆசை. ஓராண்டாக யூடியூப் பார்க்கிறேன். பார்க்கும்போது புரிகிறது, மறுநாள் ஒன்றும் நிற்பதில்லை. இயற்பியலுக்கான கணித முறைகள் பற்றி ஆயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள ஒரு புத்தகம் வாங்கினேன். 70ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. கணிதம் எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் இயற்பியலைத் தொட வேண்டுமா? எத்தனை ஆண்டு ஆகும்? டியூஷன் வைத்துக்கொள்ளலாமா? பட்டப்படிப்பில் சேராமல் இது நடக்கிற காரியமா?
– ஈசூன் வாசகர்

பதில்: அன்புள்ள ஈசூன் வாசகருக்கு,

நடக்கிற காரியம்தான். ஆனால் கணிதத்தை முழுதாக முடித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்தால் நடக்காது. முடிகிற பொருள் இல்லை அது. நீங்கள் வாங்கியது போன்ற புத்தகங்கள் அகராதிக்கு ஒப்பானவை. ஏற்கெனவே ஒருமுறை படித்தவர்கள் தேவைப்படும்போது பிரித்துப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்து யாரும் மொழி கற்பதில்லை. 70ஆம் பக்கத்தில் நின்றது உங்கள் குறையில்லை. புத்தகத்தை அலமாரியில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

பள்ளியிலிருந்தே கணக்கை ஆங்கிலத்தில் படித்தவர் என்பதால் மேட்ரிக்ஸ், வெக்டர், ஐகன்வேல்யூ போன்ற பெயர்களை அப்படியே எழுதுகிறேன். புத்தகத்தில் தேட எளிதாக இருக்கும்.

முதலில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். ஓய்வு நாளில், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சூத்திரப் புத்தகமும் கைபேசியும் அருகில் வேண்டாம். கீழே ஆறு கணக்குகள்.

1. எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு மைனஸ் ஏ எக்ஸ். இதைச் சுழியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிடுங்கள். ஏ ஒரு நேர் எண்.
2. எக்ஸ் மிகச் சிறியது. 1 கூட்டல் எக்ஸின் வர்க்கமூலத்தை எக்ஸின் இரண்டாம் அடுக்கு வரை விரித்தெழுதுங்கள்.
3. முதல் வரிசையில் 2, −1. இரண்டாம் வரிசையில் −1, 2. இந்த மேட்ரிக்ஸின் ஐகன்வேல்யூக்களும் ஐகன்வெக்டர்களும் என்ன?
4. மையத்திலிருந்து உள்ள தூரம் ஆர். ஒன்றை ஆரால் வகுத்தால் வரும் சார்பின் கிரேடியன்ட் எந்தத் திசையில், எவ்வளவு?
5. தொடராக இணைத்த ஆர்எல்சி சுற்றில் மின்தடை எந்த அளவைத் தாண்டினால் அலைவு நின்றுபோகும்? சமன்பாட்டிலிருந்து தொடங்கிக் காட்டுங்கள்.
6. ஈ அடுக்கு ஐ தீட்டாவை வைத்து, காஸ் 3 தீட்டாவைக் காஸ் தீட்டாவில் எழுதுங்கள்.

விடைகள் வரிசையாக இவை. முதலாவதுக்கு 1 வகுத்தல் ஏ வர்க்கம். இரண்டாவதுக்கு 1 கூட்டல் எக்ஸில் பாதி, கழித்தல் எக்ஸ் வர்க்கத்தில் எட்டில் ஒன்று. மூன்றாவதுக்கு 1, 3 என்ற ஐகன்வேல்யூக்கள். அவற்றுக்குரிய வெக்டர்கள் (1, 1), (1, −1). நான்காவதுக்கு மையத்தை நோக்கிய திசை, அளவு 1 வகுத்தல் ஆர் வர்க்கம். ஐந்தாவதுக்கு, எல்-ஐ சி-யால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கிய அளவு. ஆறாவதுக்கு, காஸ் கனத்தின் நான்கு மடங்கிலிருந்து காஸின் மூன்று மடங்கைக் கழிக்க வேண்டும்.

ஒன்று, இரண்டு, ஆறு தடுமாறினால் கை துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். அதைத் தேய்த்து எடுக்கலாம். ஐந்தாவது உங்கள் சொந்த வயல். அது வர வேண்டும். மூன்றாவதில்தான் கவனம் தேவை. எண்களைக் கண்டுபிடித்துவிட்டு, (1, 1) என்றால் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நின்றால், உங்கள் பள்ளம் அங்கேதான் இருக்கிறது. பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு இயற்பியலுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அங்கேதான்.

காரணம் எளிது. பொறியியல் கணக்கில் மேட்ரிக்ஸ் என்பது சமன்பாடுகளைத் தீர்க்கும் கருவி. வரிசைகளைக் கூட்டிக் கழித்து விடை எடுத்தால் வேலை முடிந்தது. குவாண்டத்தில் மேட்ரிக்ஸ் என்பது ஒரு வெக்டரை எடுத்து இன்னொரு வெக்டராக மாற்றும் செயல். ஆற்றல், சுழற்சி (ஸ்பின்) போன்று அளக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு செயல் உண்டு. அளவைக் கருவி காட்டும் எண் அதன் ஐகன்வேல்யூ. இந்தப் பார்வை இல்லாமல் குவாண்டம் புத்தகத்தைத் திறந்தால் குறியீடுகள் வரிசை கட்டி ஓடும், பொருள் பிடிபடாது.

ஆனாலும் முதல் எட்டு வாரம் துருவைத் தேய்க்கத்தான் வேண்டும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் அல்லது பாப்புலரில் ஏ நிலைத் தேர்வின் எச்2 கணிதத்துக்கும் எச்2 ஃபர்தர் மேத்ஸுக்கும் டென் இயர் சீரிஸ் என்ற பழைய தேர்வுத்தாள் தொகுப்பை வாங்குங்கள். தேர்வுக்காக இல்லை, விடையோடு அத்தனை கணக்கு ஒரே இடத்தில் மலிவாக வேறெங்கும் கிடைக்காது. வகையிடல், தொகையிடல், கலப்பெண், வகைக்கெழுச் சமன்பாடு ஆகிய நான்கு பகுதிகளை மட்டும் போடுங்கள். நிகழ்தகவை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

தேர்வுக் கணக்கில் கிடைக்காத இரண்டு பழக்கங்களைத் தனியாக வளர்க்க வேண்டும். ஒன்று, டெய்லர் விரிவு. இயற்பியலாளர் அன்றாடம் கையிலெடுக்கும் கருவி இது. ஊசலைப் பாருங்கள். சைன் தீட்டாவைத் தீட்டா என்று எழுதிவிட்டு எல்லாரும் மேலே போய்விடுவார்கள். 20 பாகைக்கு அது எவ்வளவு பிழை? ரேடியனில் 0.349, சைன் 0.342, இரண்டு விழுக்காடு வித்தியாசம். ஊசலின் காலம் அதனால் எவ்வளவு கூடும்? வீச்சின் வர்க்கத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.76 விழுக்காடு. ஒவ்வொரு தோராயத்தையும் இப்படி எண்ணாக்கிப் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். சார்பியலில் வேகமாகப் போகும் பொருளின் ஆற்றலை இதே முறையில் விரித்தால், முதலில் நிலை ஆற்றல் வரும், அடுத்துப் பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் வரும், மூன்றாவதாக வருவதுதான் நியூட்டனிடம் இல்லாத திருத்தம். ஒரே வரியில் இரண்டு நூற்றாண்டு இயற்பியல் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது பழக்கம், தொகையீட்டுக்குள் இருக்கும் மாறிலியை மாறியாக நினைத்து வகையிடுவது. ஈ அடுக்கு மைனஸ் ஏ எக்ஸ் வர்க்கத்தை முழு நீளத்துக்கும் தொகையிட்டால் பை வகுத்தல் ஏ-யின் வர்க்கமூலம் வரும். இருபுறமும் ஏ-யைப் பொறுத்து ஒருமுறை வகையிடுங்கள்; எக்ஸ் வர்க்கம் சேர்ந்த தொகையீடு தானாக வந்து நிற்கும். குவாண்டத்திலும் புள்ளியியல் இயற்பியலிலும் வருகிற காஸியன் தொகையீடுகளை எல்லாம் இந்த ஒரு வித்தையால் சமாளிக்கலாம்.

இனி நேரியல் இயற்கணிதம் எனப்படும் லீனியர் அல்ஜீப்ரா. இதற்கு மூன்றரை மாதம் கொடுங்கள், ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம். கூடவே இயற்பியலும் வரட்டும்.

மூன்றாவது கணக்கின் மேட்ரிக்ஸை மறுபடி எடுத்துக்கொள்வோம். ஒரே எடையுள்ள இரண்டு உருண்டைகள். இடப்பக்கச் சுவருக்கும் முதல் உருண்டைக்கும் இடையே ஒரு சுருள்வில், உருண்டைகளுக்கு நடுவே ஒன்று, இரண்டாம் உருண்டைக்கும் வலப்பக்கச் சுவருக்கும் இடையே ஒன்று. மூன்று வில்லும் ஒரே விறைப்பு. முதல் உருண்டையை நகர்த்தினால் இரண்டு வில் அதைத் திருப்பி இழுக்கும், அதனால்தான் 2. பக்கத்து உருண்டை நகர்ந்தால் நடுவில்லின் வழியாக இதைத் தன் பக்கம் இழுக்கும்; அதனால்தான் −1. மேட்ரிக்ஸில் இருந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறது.

இரண்டு உருண்டைகளையும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்த்தி விடுங்கள். நடு வில் நீளவும் இல்லை சுருங்கவும் இல்லை; அது இல்லாதது போலத்தான். ஒவ்வோர் உருண்டையும் தன் சுவர்வில்லோடு மட்டும் ஆடும். அதுவே (1, 1) என்ற ஐகன்வெக்டர். அதன் எண் 1. இப்போது எதிரெதிராக நகர்த்துங்கள். நடு வில் இரட்டிப்பாக நீளும் அல்லது சுருங்கும். சுவர்வில்லின் ஒரு பங்கோடு நடுவில்லின் இரண்டு பங்கு சேர்ந்து மூன்று பங்கு விசை. அதுவே (1, −1). அதன் எண் 3. அதிர்வெண் இந்த எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிட 1.732 மடங்கு வேகம். வேறு எப்படித் தொடங்கினாலும் இந்த இரண்டு ஆட்டங்களின் கலவைதான் நடக்கும். டிட்டர்மினன்ட் எடுக்காமலே ஐகன்வெக்டர் என்றால் என்ன என்று கை உணர்ந்துவிட்டது. அப்படி உணர்ந்த பிறகு டிட்டர்மினன்ட் எடுத்துச் சரிபாருங்கள்.

அடுத்து அம்மோனியா மூலக்கூறு. மூன்று ஹைட்ரஜன் ஒரு தளத்தில்; நைட்ரஜன் அதற்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். இரண்டு நிலைகள், 2×2 மேட்ரிக்ஸ். மூலைவிட்டத்தில் ஒரே ஆற்றல், மற்ற இரு இடங்களிலும் ஒரே எதிர் எண். வில் கணக்கின் அதே உருவம்! விடையும் அதேதான்: மேலும் கீழும் சமமாகக் கலந்த கூட்டல் நிலைக்குக் குறைந்த ஆற்றல், கழித்தல் நிலைக்குக் கூடிய ஆற்றல். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மைக்ரோ அலையில் ஏறத்தாழ 24 கிகாஹெர்ட்ஸுக்குச் சமம். 1954இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டவுன்ஸின் குழு முதல் மேசரை (மைக்ரோ அலையைப் பெருக்கும் கருவி, லேசரின் முன்னோடி) இந்த இடைவெளியை வைத்துத்தான் இயக்கியது. வில்லில் தொடங்கி மேசர் வரை கணக்கு ஒன்றுதான் என்பதை உங்கள் கையெழுத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால், கணிதமும் இயற்பியலும் ஏன் சேர்ந்தே போக வேண்டும் என்று நான் வாதாட வேண்டியிருக்காது.

இந்தப் பகுதியில் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கலப்பெண் வெக்டரின் நீளம். (1, ஐ) என்ற வெக்டரைப் பள்ளியில் செய்தது போல வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 கூட்டல் −1, சுழியம். சுழியமல்லாத வெக்டருக்கு இங்கே நீளம் சுழியமாக இருக்க முடியாது. பெருக்கும்போது ஒன்றை இணை எண்ணாக மாற்ற வேண்டும். அப்போது 2 வரும். எந்த ஒன்றை மாற்றுவது? இயற்பியல் புத்தகங்கள் முதலாவதை மாற்றும், கணிதப் புத்தகங்களில் பல இரண்டாவதை மாற்றும். இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பவருக்கு விடை இணை எண்ணாகவே வந்துகொண்டிருக்கும், காரணமும் தெரியாது.

இதுபோன்ற வழக்க வேறுபாடுகள் தனியாகப் படிக்கும் ஒருவரிடமிருந்து வாரக்கணக்கில் நேரத்தைத் தின்றுவிடும். வகுப்பில் இருந்தால் ஆசிரியர் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்னணுவியலில் நீங்கள் ஜே என்று எழுதியது இங்கே ஐ. அத்தோடு முடியவில்லை, நீங்கள் காலத்தோடு ஓடும் அலையை நேர்க்குறியில் எழுதுவீர்கள், இயற்பியலாளர் எதிர்க்குறியில் எழுதுவார். ஜே இருந்த இடத்தில் எல்லாம் மைனஸ் ஐ போட்டால் கணக்கு பொருந்தும். கோள ஆயங்களில் தீட்டாவும் ஃபையும் பல கால்குலஸ் புத்தகங்களில் இடம் மாறியிருக்கும்; இயற்பியலில் தீட்டா மேல் அச்சிலிருந்து அளக்கப்படும் கோணம். ஃபூரியே மாற்றத்தில் 2 பை எங்கே நிற்கிறது என்பது புத்தகத்துக்குப் புத்தகம் வேறு. சார்பியலில் காலத்துக்கு எதிர்க்குறியா, இடத்துக்கு எதிர்க்குறியா என்பதில் இரண்டு கட்சி உண்டு. புதிய புத்தகம் எடுத்ததும் இந்த ஐந்தையும் பார்த்து அட்டையின் உட்புறம் பென்சிலால் குறித்துவையுங்கள். பத்து நிமிட வேலை.

லீனியர் அல்ஜீப்ரா முடிந்ததும் நேராகக் குவாண்டத்துக்குள் போய்விடலாம், அலைச் சமன்பாட்டின் வழியாக இல்லாமல் எலக்ட்ரானின் சுழற்சி வழியாக. அங்கே எல்லாமே 2×2. தொகையீடே தேவைப்படாது. பாவ்லி மேட்ரிக்ஸ்கள் மூன்று. அவற்றில் எக்ஸ், இசட் இரண்டையும் வரிசை மாற்றிப் பெருக்கிப் பாருங்கள்; குறி மாறி வரும். பெருக்கும் வரிசை விடையை மாற்றுகிறது என்றால், அந்த இரண்டு அளவைகளும் ஒரே நேரத்தில் உறுதியான மதிப்பு கொண்டிருக்க முடியாது. நிச்சயமின்மைக் கொள்கையின் வித்து அங்கே இருக்கிறது. 1925இல் ஹைசன்பர்க் வரிசை மாறினால் விடை மாறும் ஒரு விசித்திரமான பெருக்கலோடு வந்து நின்றபோது, அது மேட்ரிக்ஸ் பெருக்கல் என்று அவருக்கே தெரியாது. கண்டுகொண்டவர் மேக்ஸ் போர்ன். குவாண்டம் கணினித் துறையின் அடிப்படையும் இந்த மேட்ரிக்ஸ் கணக்குதான். தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2007 முதல் இயங்கும் குவாண்டம் தொழில்நுட்ப நிலையத்தின் பொதுச் சொற்பொழிவுகளுக்கு, இந்தக் கட்டத்தில் போனால் பாதியாவது பிடிபடும்.

அலை வடிவத்துக்கு வரும்போது உங்கள் டிப்ளோமா கைகொடுக்கும். துடிப்பு குறுகினால் அலைவரிசை அகலும் என்று ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். காலத்துக்குப் பதில் இடத்தையும் அதிர்வெண்ணுக்குப் பதில் உந்தத்தையும் வைத்தால் அதுவே நிச்சயமின்மைக் கொள்கையின் மறுபாதி. இம்பல்ஸ் என்று நீங்கள் அழைத்ததுதான் டிராக் டெல்டா. ஹைட்ரஜன் அணுவின் சமன்பாட்டை மாறிகள் பிரித்து, ஆறேழு பக்கம் ஆனாலும் பரவாயில்லை, ஒருமுறை முழுதாகக் கையால் தீருங்கள். −13.6 எலக்ட்ரான் வோல்ட் கடைசி வரியில் வந்து நிற்கும். லெஜான்ட்ர், லகேர் பல்லுறுப்புக் கோவைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். அவை எங்கே, ஏன் முளைக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

வெக்டர் கால்குலஸை மின்காந்தவியலோடு படியுங்கள். அங்கே ஒரு பொறி மட்டும். ஆரத் திசையில் 1 வகுத்தல் ஆர் வர்க்கமாகக் குறையும் புலத்தின் டைவர்ஜன்ஸைக் கோள ஆயத்தில் போட்டால் சுழியம் வரும். அதே புலம் ஒரு கோளத்தின் வழியாக வெளியேறும் அளவு 4 பை. காஸ் என்ற கணித மேதையின் தேற்றப்படி இரண்டும் சமமாக இருக்க வேண்டுமே? மையப்புள்ளியில் ஆர் சுழியம். அங்கே வகுத்தலே செல்லாது. மொத்த 4 பையும் அந்த ஒற்றைப் புள்ளியில் டெல்டாவாகக் குவிந்திருக்கிறது. மின்னூட்டம் இருக்கும் இடமும் அதுவே. இதைப் பார்த்துக் குழம்பி, பிறகு தெளிந்தவருக்கு டெல்டா சார்பு மறக்காது.

இப்போது பொதுச் சார்பியல். டென்சர் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஐன்ஸ்டீனும் 1912இல் ஸூரிக்கில் மார்சல் கிராஸ்மன் என்ற கணித நண்பரிடம் உதவி கேட்டுத்தான் இதற்குள் வந்தார். சரியான சமன்பாடு 1915 நவம்பரில்தான் கிடைத்தது. வழக்கமாகச் செய்யும் தவறு, நேராகக் கருந்துளைக்குப் போவது. ஆய அச்சுகள் இடத்துக்கு இடம் எப்படி மாறுகின்றன என்று சொல்லும் கிறிஸ்டோஃபல் குறியீடுகள் நான்கு பரிமாணத்தில் 40. ஷ்வார்ட்ஸ்சைல்ட் கருந்துளைக்கே சுழியமற்றவை 9. எங்கோ ஒரு குறி தவறும், எங்கே என்று தெரியாது.

முதலில் ஒரு பந்தின் மேற்பரப்பைச் செய்யுங்கள். அங்கே சுழியமற்றவை இரண்டே: ஒன்று மைனஸ் சைன் தீட்டா காஸ் தீட்டா, மற்றது காட் தீட்டா. வளைவின் அளவு, 2 வகுத்தல் ஆரத்தின் வர்க்கம். பந்தின்மேல் மிகக் குறுகிய வழி எது என்று பார்க்க ஒரு விமானப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் கிழக்கு 104 பாகை, நியூயார்க் மேற்கு 74 பாகை. கூட்டினால் 178, கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகைகள். ஆகவே பந்தின்மேல் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். இங்கிருந்து துருவத்துக்கு 88.7 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை; பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். விமானிகள் காற்றைப் பார்த்து வேறு வழி எடுப்பார்கள். ஜியோடெசிக் என்ற சொல்லுக்குப் பொருள் இந்தக் கோடு.

குறியீடுகளைச் சூத்திரத்தில் எண்களைப் போட்டு எடுப்பதைவிட, பாதையின் நீளத்துக்கு ஆய்லர்–லக்ராஞ்ச் சமன்பாட்டை எழுதி அதிலிருந்து படித்தெடுப்பது வேகம், பிழையும் குறைவு. அதனால்தான் விசைகளுக்குப் பதில் ஆற்றலை வைத்து இயக்கத்தைக் கணக்கிடும் லக்ராஞ்ச் இயந்திரவியலை இதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். இன்னொன்று: ஒரே உறுப்பில் ஓர் எழுத்து மேலும் கீழுமாக இருமுறை வரலாம், மூன்றாவது முறை வந்தால் எங்கோ இரண்டு வேறு கூட்டல்களுக்கு ஒரே எழுத்தைப் போட்டிருக்கிறீர்கள். அந்த வரியிலேயே நிறுத்திப் பெயர் மாற்றுங்கள்.

குழுக் கோட்பாடு, கலப்பெண் பகுப்பாய்வு ஆகியவை குவாண்டம் முதல் சுற்று முடிந்தபின். டோப்பாலஜி, ஃபங்ஷனல் அனாலிசிஸ் போன்றவை இந்த மூன்று ஆண்டுக்குள் வேண்டாம். அழகான துறைகள்தான், உங்கள் வழியில் இப்போது வரவில்லை.

காலம் கேட்டீர்கள். வாரம் ஏழு மணி நேரம் உறுதியாகக் கிடைத்தால், என் கணிப்பு இது: துரு தேய்க்க இரண்டு மாதம், லீனியர் அல்ஜீப்ராவும் அலைவுகளும் மூன்றரை, சுழற்சிக் குவாண்டம் இரண்டு, லக்ராஞ்ச் இரண்டு, வெக்டர் கால்குலஸும் மின்காந்தமும் நான்கு, அலைச் சமன்பாட்டிலிருந்து ஹைட்ரஜன் வரை ஆறு. ஏறத்தாழ 20 மாதம். சிறப்புச் சார்பியலும் டென்சரும் பொதுச் சார்பியலும் இன்னும் பத்து மாதம். ஆக இரண்டரை ஆண்டு, ஷிஃப்ட் மாற்றமும் தீபாவளியும் சேர்த்து மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதை நினைத்துத் தயங்க வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சந்திரசேகர் பொதுச் சார்பியலில் ஆய்வு தொடங்கியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

12 மணி நேர ஷிஃப்டுக்கு ஏற்றாற்போல் பிரித்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் புதியது எதுவும் தொட வேண்டாம். ரயிலிலோ இடைவேளையிலோ பழைய கணக்கு ஒன்றை, விடை பாராமல், 20 நிமிடம். இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் அதுவும் வேண்டாம், தூங்குங்கள். ஓய்வு நாள்களில் 90 நிமிட அமர்வு இரண்டு. ஓர் அமர்வில் 25 நிமிடம் படிப்பு, மீதி முழுவதும் கணக்கு. இந்த விகிதம் தலைகீழானதால்தான் ஓராண்டு யூடியூப் மறுநாள் நிற்கவில்லை. அடுத்தவர் கணக்குப் போடுவதைப் பார்த்துப் புரிவது வேறு திறன், வெற்றுத்தாளில் முதல் வரியை எழுதுவது வேறு திறன். காணொளி பார்த்தே ஆக வேண்டுமென்றால், ஆசிரியர் கணக்கை எழுதி முடித்ததும் நிறுத்திவிட்டு நீங்கள் போட்டுப் பார்த்த பிறகு ஓடவிடுங்கள். எம்ஐடி இலவசமாக வெளியிடும் பாடங்களில் பலவற்றுக்குப் பயிற்சிக் கணக்கும் தீர்வும் சேர்ந்தே கிடைக்கும்; இந்திய ஐஐடிகளின் என்பிடெல் விரிவுரைகளும் இலவசம்.

மாட்டிக்கொண்டால் 40 நிமிடம் வரை போராடலாம். அதற்குமேல் தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்து, மூடிவிட்டுத் தொடருங்கள். முழுத் தீர்வையும் பார்த்த கணக்கு போட்ட கணக்காகாது; மூன்று நாள் கழித்தும் இரண்டு வாரம் கழித்தும் வெற்றுத்தாளில் மறுபடி போட வேண்டும். பிழைகளுக்கென்று ஒரு சிறு ஏடு வைத்து, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: குறி தவறியது, எல்லை மாற்ற மறந்தது, அலகு பொருந்தவில்லை. இரண்டு மாதத்தில் உங்கள் பிழைகள் நான்கைந்து வகைக்குள் அடங்குவது தெரியும். விடை வந்ததும் அலகைப் பாருங்கள். பிறகு ஏதேனும் ஒன்றைச் சுழியமாக்கி, தெரிந்த விடைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். பைத்தான் நிரல்மொழியில் இயற்கணிதக் கணக்குப் போடும் சிம்பை என்ற மென்பொருளை நிறுவிக்கொள்வது நல்லது, கையால் முடித்த பிறகு சரிபார்ப்பதற்காக மட்டும்.

டியூஷன் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. வாராவாரம் கட்டும் பணம், தேர்வு நோக்கிய கற்பித்தலுக்கே போகும். அதற்குப் பதில், மாதம் ஒருமுறை, சேர்த்து வைத்த சந்தேகங்களோடு ஒரு மணி நேரம் உட்கார இயற்பியல் முதுநிலை மாணவர் ஒருவர் கிடைத்தால் போதும். சுழற்சிக் குவாண்டம் தொடங்கும்போது தேடுங்கள். புத்தகத்துக்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது; ஆனால் மூன்று நூல்களை விரித்துவைத்து, ஒரே பாடத்தை எது உங்களுக்குப் புரியும்படி சொல்கிறது என்று ஒப்பிட அதைவிட நல்ல இடமில்லை. அப்படி ஒப்பிட்ட பிறகு ஒன்றை மட்டும் வாங்குங்கள். பயிற்சிக்கு விடை இல்லாத நூலைத் தனியாகப் படிப்பவர் வாங்கக் கூடாது.

பட்டம் இல்லாமல் புரிந்துகொள்ளலாம். ஆய்வகத்தில் வேலை வேண்டும் என்று பிறகு தோன்றினால் பட்டம் தேவைப்படும். சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்கள் பகுதிநேரமாகக் கணிதப் பட்டம் படிக்க வழி உண்டு. அந்த முடிவை ஹைட்ரஜன் கணக்கு முடியும்வரை தள்ளிவையுங்கள். 20 மாதம் கழித்து உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்த ஓய்வு நாளில் அந்த ஆறு கணக்குகளையும் போட்டு, அடித்தல் திருத்தலோடு அப்படியே படமெடுத்து அனுப்புங்கள். மூன்றாவதுக்கு எண்களோடு, (1, 1) என்றால் என்ன என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் இரண்டு வரியும் வேண்டும்.